பதினேழு பேரும் ஓர் இசைத்தட்டும்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்தில் வருகிறவர்கள் கொண்டையூசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவார்கள். வளைவுகள் இருபது. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருப்பதால் எண்ணுவதில் பிழை நேராது. அவ்வளவு எளிதில் எண்ண முடியாத ஒன்றைப்பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1987ஆம் ஆண்டு. சேர்வராயன் மலையில் ஒரு பள்ளியில் நான் கணக்கு ஆசிரியனாக இருந்தேன். ஒருநாள் மதிய இடைவேளையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு சிறிய டேப் ரிக்கார்டரை மேசைமேல் வைத்து, நண்பர் நால்வரோடு தலைகவிழ்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். இளையராஜா முந்தைய ஆண்டு வெளியிட்டிருந்த 'ஹவ் டு நேம் இட்' என்னும் இசைத்தொகுப்பு அது. திரைப்படத்துக்காகச் செய்யப்படாதது, வாய்ப்பாட்டுக்கும் அதில் வேலையில்லை. என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "சார், இதிலே மொத்தம் எத்தனை பேர் வாசிக்கிறாங்க?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவனுடைய தந்தை சமவெளியில் ஒரு பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவர். கல்யாண ஊர்வலங்களுக்கும் சாவு ஊர்வலங்களுக்கும் போகிறவர். நான் சொன்னது இது: "உங்கப்பா ஊர்வலத்திலே ஊதுறது போதாதா? நீயாவது கணக்கைப் பாரு." வகுப்பு சிரித்தது. நாடாவை வாங்கி என் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். அதற்குப்பின் அந்தப் பையன் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை; நாடாவைத் திருப்பிக் கேட்கவும் வரவில்லை. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பள்ளியை விட்டுச் சென்றுவிட்டான்.

அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ஒரு பெரிய வாத்தியக் குழு வாசித்து இசைத்தட்டாக வெளிவருவது எவ்வாறு என்பதை அறிந்தாலன்றி அதற்கு விடை சொல்ல இயலாது. பின்னாளில் நான் தேடிப் படித்ததை, ஜாஸ்-ராக் எனப்படும் இசைவகையை முன்னிட்டு உங்களுக்குச் சொல்லுகிறேன்.

பல கருவிகள் ஒன்றுகூடி ஒலிப்பது நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடுவதற்கு முன்னர்க் குழல் முதலாக யாழும் தோற்கருவிகளும் முறையாக ஒன்றையொன்று தொடர்ந்து வருவதை இளங்கோவடிகள் விரித்துரைக்கிறார். பல்லியம் என்ற சொல்லும் நம்மிடம் பழையதே. ஆனால் நமது மரபில் பல கருவிகள் கூடினாலும் அவை பெரும்பாலும் ஒரே பண்ணின் ஒரே போக்கைத்தான் பின்பற்றும். கோவிலில் இரண்டு நாகசுரம் ஒலித்தால் இரண்டும் ஒரே சுரத்தில் செல்லும். மேல்நாட்டுக் குழுவிலோ ஒரே நொடியில் ஐந்து பேர் ஐந்து வெவ்வேறு சுரங்களை ஊதுவார்கள். ஐந்தும் இசைந்து ஒரு நிறம் தோன்றும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மற்றவை எளிது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களிடையே பிறந்த ஜாஸ் இசை முதலில் ஆறேழு பேர் வாசிப்பதாகவே இருந்தது. 1920களிலும் 1930களிலும் அது பெரிய நடன மண்டபங்களுக்குள் சென்றது. ஆயிரம் பேர் காலடியோசையோடு ஆடும் மண்டபத்தில் ஆறு பேர் ஊதுவது எப்படிக் காதில் விழும்? ஆகவே ஆள் கூட்டினார்கள். பிளெட்சர் ஹெண்டர்சன், டியூக் எலிங்டன், கவுண்ட் பேசி ஆகியோரின் குழுக்கள் இவ்வாறு வளர்ந்தவை. நாளடைவில் ஓர் அமைப்பு நிலைபெற்றது. சாக்ஸபோன் ஐந்து, டிரம்பெட் நான்கு, டிராம்போன் நான்கு. இவற்றுக்குத் தாளமும் அடித்தளமும் தர பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று நான்கு. ஆகப் பதினேழு பேர். இதுவே பிக் பேண்டு, அதாவது பெருங்குழு.

பதினேழு பேர் தம் விருப்பம்போல் ஊதினால் சந்தைக்கடையாகிவிடும். எனவே எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். அவருக்கு அரேஞ்சர் என்று பெயர். ஒரு மெட்டு கைக்கு வந்ததும், அதன் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே இசைவான நான்கு சுரங்களைத் தேர்ந்து, ஐந்து சாக்ஸபோன்களுக்கும் பங்கிட்டு எழுதுகிறார். டிரம்பெட்டுகள் எந்த இடத்தில் நுழையவேண்டும், டிராம்போன்கள் எங்கே ஓய்ந்திருக்கவேண்டும், எந்த இடத்தில் ஒருவர் மட்டும் எழுந்து நின்று தம் கற்பனையில் வாசிக்கலாம் என்பனவெல்லாம் தாளில் இருக்கும். கற்பனைக்கு விடப்படும் அந்த இடம் நமது கச்சேரியின் கற்பனைச் சுரத்துக்கு உறவுடையது. எழுதியதும் எழுதாததும் அருகருகே நிற்பதுதான் இவ்விசையின் உயிர் என்பது என் எண்ணம்.

எழுதுவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கு ஆசிரியனான எனக்கு அது மிகவும் பிடித்தது. நாம் ஒரு கட்டை என்று சொல்லும் சுருதியைப் பியானோக்காரர் எழுதியபடியே வாசிப்பார். ஆனால் டிரம்பெட்டுக்காரர் தாளில் அதே குறியைப் பார்த்து ஊதினால் வெளிவருவது ஆறரைக் கட்டை. ஆல்ட்டோ சாக்ஸபோனில் அதே குறி இரண்டரைக் கட்டையாக ஒலிக்கும். கருவிகளின் குழாய் நீளம் அவ்வாறு அமைந்துள்ளது. எனவே எல்லாரும் ஒரே சுருதியில் சேர, ஒவ்வொரு கருவிக்கும் வெவ்வேறு குறியில் எழுதித் தரவேண்டும். ஒரு தாளில் ஒரு வரியை மாற்ற மறந்தால், ஒத்திகையில் அந்த ஒருவர் மட்டும் தனி வழியே போவார்.

இனி ராக் இசைக்கு வருவோம். 1950களில் எழுந்த ராக் இசை, மின்கிட்டாரையும் மின்பேஸையும் ஒலிபெருக்கியோடு இணைத்தது. நான்கு பேர் போதும். பதினேழு பேரின் ஓசையை அவர்கள் எளிதாக மிஞ்சினார்கள். பெருங்குழுக்களுக்குப் பிழைப்பே கடினமாயிற்று. தாளத்திலும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. 'தகிட' என்ற மூன்றில் முதலிரண்டையும் ஒன்றாக நீட்டி, மூன்றாவதை மட்டும் தொட்டுச் சொல்லிப் பாருங்கள். நொண்டிநடை போன்ற ஓர் அசைவு தோன்றும். அது ஜாஸ் நடை. 'தகதிமி' என்று நான்கையும் சமமாகச் சொல்லி, இரண்டாவது அடியிலும் நான்காவது அடியிலும் கையை ஓங்கித் தட்டுங்கள். அது ராக் நடை. 1960களின் பிற்பகுதியில் சிலர் இவ்விரண்டையும் ஒன்றாக்க முனைந்தனர். பெருங்குழுவின் ஊதுகருவிகளை ராக் தாளத்தின்மேல் ஏற்றியதே ஜாஸ்-ராக் எனப்பட்டது. 'பிளட், ஸ்வெட் அண்டு டியர்ஸ்' என்னும் ஒன்பதுபேர் குழு 1968இன் இறுதியில் வெளியிட்ட இசைத்தட்டு அவ்வகையில் பெரும்புகழ் பெற்றது.

இவையெல்லாம் அயல்நாட்டுச் செய்திகள்தாமே என்று நீங்கள் எண்ணலாம். ஏற்காட்டுச் சாலையில் மலைக்கு வரும் முன்னரே ஒரு பழைய வளைவு வாயில் உங்கள் கண்ணில் படும். மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் வாயில் அது. இங்கிலாந்தில் நெசவுத்தொழில் கல்வி பெற்றுத் திரும்பிய டி. ஆர். சுந்தரம் 1930களின் நடுப்பகுதியில் நிறுவிய நிலையம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இம்மலையடிவாரத்தில் உருவாயின. 1938இல் வந்த முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' இங்கே எடுத்ததே. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் இங்கிருந்து வெளிவந்தது. சுந்தரம் 1963இல் மறைந்தபின், அந்நிறுவனம் துப்பறியும் படங்களை எடுத்தது. 'வல்லவனுக்கு வல்லவன்', 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' ஆகியவற்றுக்கு வேதா இசையமைத்தார். இந்திப் படங்களின் மெட்டுகளை அவர் தாராளமாகவே எடுத்தாண்டார். அதற்காக அவரைக் குறைகூறுவோர் உண்டு. ஆயினும் துப்பறியும் படத்துக்குரிய விறுவிறுப்பை ஊதுகருவியாலும் மின்கிட்டாராலும் கொண்டுவந்து, ஜாஸின் வாடையைச் சேலத்துத் திரையரங்குகளுக்குள் பரப்பியவர்களுள் அவரும் ஒருவர்.

ஊதுகருவிகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் நம் நாட்டுக்கு எங்கிருந்து வந்தார்கள்? படைப்பிரிவுகளின் பேண்டு, காவல்துறைப் பேண்டு, மன்னர்களின் அரண்மனைப் பேண்டு, தேவாலயங்கள் ஆகியவையே பள்ளிகள். கோவாவைச் சேர்ந்தவர்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் தேவாலயத்தில் இசைக்குறி படிக்கக் கற்றுப் பம்பாய், சென்னைப் படக்கூடங்களுக்கு வந்தார்கள். பம்பாயில் சிக் சாக்லேட் என்ற பெயரால் அறியப்பட்ட கோவாக்காரர் இரவில் ஜாஸ் குழுவில் டிரம்பெட் வாசித்துப் பகலில் சி. ராமச்சந்திராவின் படப்பாடல்களுக்கு வாசித்தார். மங்களூர்ப் பக்கத்துக் கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதிலேயே கருநாடக இசையை வாசித்துக் காட்டினார்; பின்னர் 2008இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மகந்தப்பாவோடு 'கின்ஸ்மென்' என்னும் இசைத்தொகுப்பிலும் வாசித்தார். நம் ஊர்ப் பேண்டு செட்டும் இந்த மரத்தின் கிளைதான். என் மாணவனின் தந்தை ஊதிய டிரம்பெட்டும், எலிங்டனின் குழுவில் ஒலித்த டிரம்பெட்டும் ஒரே படைமுகாமின் வாத்தியங்களிலிருந்து கிளைத்தவை. 1987இல் இதை நான் அறிந்திருக்கவில்லை.

நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த வானொலியும் இவ்விஷயத்தில் முற்றிலும் கள்ளமற்றதன்று. 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தையே அது வாசற்படிக்கு வெளியே நிறுத்திவைத்திருந்தது. 1952இல் திரைப்பாடல்களுக்கும் கதவு சாத்தப்பட்டது. மக்கள் இலங்கை வானொலிப் பக்கம் திரும்பினார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கியபின்தான் நிலைமை சீராயிற்று. ஆசிரியர்கள் மட்டுமே தவறு செய்வதில்லை என்று கண்டு எனக்குச் சிறிது ஆறுதல்.

இனி ஒலிப்பதிவு. 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தை நீங்கள் பார்த்திருக்கலாம். விசுவநாதன்-ராமமூர்த்தி இசை, வாலி எழுதிய ஒரு பாட்டு ஒலிப்பதிவுக் கூடத்திலேயே நிகழ்வதாகக் காட்டப்படுகிறது. டி. எம். சௌந்தரராஜன் மைக்கின்முன் நின்று பாடுகிறார், எம். எஸ். விசுவநாதன் கைகளை வீசிக் குழுவை நடத்துகிறார், சுற்றிலும் வாத்தியக்காரர்கள். நாகேஷ் ஆடுகிறார். படக்காட்சிக்காக, முன்னரே பதிவான பாட்டை ஒலிக்கவிட்டு மறுபடி நடித்துக் காட்டியதுதான் அது. எனினும் அக்காலத்துப் பதிவு எவ்வாறு நடந்தது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் வேறில்லை. ஊதுகருவிகளின் வீச்சையும் தாளக்கருவிகளின் துள்ளலையும் கூர்ந்து கேளுங்கள். பெருங்குழுவின் இலக்கணம் முழுவதும் அதில் இருக்கிறது.

அந்நாளில் பாடகரும் குழுவினரும் ஒரே வேளையில், ஒரே கூடத்தில் வாசித்தார்கள். பதிவானது ஒரே ஒலித்தடம். ஓசையைக் கூட்டவும் குறைக்கவும் முதன்மையான வழி, ஆளை நகர்த்துவதே. பாடகர் மைக்கின் அருகில் நிற்பார். வயலின்கள் சற்றுத் தள்ளி. டிரம்பெட்டுகள் கடைசிச் சுவரோரம். மென்மையான புல்லாங்குழல்காரர் தம் முறை வரும்போது ஓசையின்றி முன்னே வந்து வாசித்துவிட்டு, அடிமேல் அடிவைத்துப் பின்னே செல்வதும் உண்டு. நாற்பது பேரில் ஒருவர் ஒரு சுரத்தில் தவறினாலும் நாற்பது பேரும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கடைசி வரியில், கடைசி அடியில் தவறியவரை மற்ற முப்பத்தொன்பது பேரும் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! தேர்வறையில் உங்களுக்கு இருக்கும் அச்சத்தைவிட அது குறைந்ததன்று. மேலும் 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் அடங்கும். திரைப்பாடல்கள் பல அந்த அளவில் அமைந்ததற்குத் தட்டின் பரப்பளவும் ஒரு காரணம். 1948இல் அமெரிக்காவில் நீண்டநேரத் தட்டு வந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் கிடைத்ததும்தான், பல உருப்படிகளை ஒரே எண்ணத்தில் கோத்து 'ஆல்பம்' என்று அமைக்கும் வழக்கம் வலுப்பெற்றது.

ஜாஸ்-ராக் குழுவுக்கு இந்தப் பழைய முறை ஒத்துவரவில்லை. ஒலிபெருக்கியோடு அலறும் மின்கிட்டாரும், மூச்சுக்காற்றை மட்டும் நம்பிய சாக்ஸபோனும் ஒரே மைக்கின்முன் நின்றால், பின்னது மூழ்கிவிடும். இதற்குத் தீர்வாக வந்ததே பலதட ஒலிப்பதிவு. அகலமான காந்த நாடா ஒன்றை நீளவாக்கில் பல தடங்களாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரு சாலையைப் பல வண்டித்தடங்களாகக் கோடிட்டுப் பிரிப்பது போல. டிரம்ஸுக்கு ஒரு தடம், பேஸுக்கு ஒரு தடம், டிரம்பெட்டுகளுக்கு ஒரு தடம். முதலில் டிரம்ஸும் பேஸும் பதிவாகும். பிறகு ஊதுகருவிக்காரர்கள் வந்து, அதைக் காதுக்குழாயில் கேட்டவாறே தம் பகுதியை வேறொரு தடத்தில் ஊதுவார்கள். தவறு நேர்ந்தால் அந்தத் தடத்தை மட்டும் அழித்துத் திரும்ப ஊதலாம். பீட்டில்ஸ் குழுவினர் 1967இல் புகழ்பெற்ற 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டை நான்கு தடத்தில்தான் செய்தார்கள். அடுத்த ஆண்டே பதினாறு தடக் கருவி வந்தது. முன்சொன்ன 'பிளட், ஸ்வெட் அண்டு டியர்ஸ்' தட்டு அதில் பதிவான முதல் சிலவற்றுள் ஒன்று.

எல்லாம் பதிவானபின் கலவை தொடங்கும். மிக்ஸிங் என்பது அதன் பெயர். பதினாறு தடத்தையும் இரண்டாகச் சுருக்குகிறார்கள்: உங்கள் இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று. எந்தக் கருவி முன்னே நிற்கவேண்டும், எது தொலைவில் ஒலிக்கவேண்டும் என்பது இப்போதுதான் முடிவாகிறது. முன்பு ஆளை நகர்த்தினார்கள். இப்போது பொறியாளர் ஒரு பிடியை நகர்த்துகிறார். ஒரு நல்ல குழுவைக் கலவையில் கெடுத்துவிடவும் முடியும்.

இந்தியாவுக்கும் இத்தகைய தட்டுகளுக்கும் நேரடியான உறவு ஒன்று உண்டு. டான் எல்லிஸ் என்ற அமெரிக்க டிரம்பெட் கலைஞர், ரவிசங்கரின் மாணவரான ஹரிஹர் ராவிடம் நம் நாட்டுத் தாளக் கணக்கைக் கற்றார். கற்றதோடு நில்லாமல், சுமார் இருபது பேர் கொண்ட பெருங்குழுவை அமைத்து, 1967இல் 'எலெக்ட்ரிக் பாத்' என்ற இசைத்தட்டைச் செய்தார். அதன் முதல் உருப்படியின் பெயரே 'இந்தியன் லேடி'. ஐந்தைந்தாக எண்ணும் நடை. இன்னொன்று பதினேழு எண்ணிக்கை கொண்டது: ஐந்து, ஐந்து, ஏழு என்று பிரித்து எண்ணவேண்டும். நான்கு நான்காகவே எண்ணிப் பழகிய அமெரிக்க வாத்தியக்காரர்கள் அதற்குத் திணறியிருப்பார்கள். நம் மிருதங்க மாணவன் 'தகதகிட தகதகிட தகிடதகதிமி' என்று நாவாலேயே அதைச் சொல்லிவிடுவான். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கூட்டினால் சரியாகப் பதினேழு.

இளையராஜாவின் தொகுப்பு ஜாஸ்-ராக் வகையைச் சேர்ந்ததன்று. தியாகராஜ சுவாமிகளுக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக அமைந்தது. வயலின் குடும்பத்துக் கருவிகளே அதில் முதன்மை. வி. எஸ். நரசிம்மன் வாசித்த தனி வயலின் இன்றும் புதுமை குன்றாமல் ஒலிக்கிறது. ஆனால் அதற்குள் டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் புகுந்து நடையை மாற்றும் இடங்கள் உண்டு. செய்முறையும் நாம் கண்டதே: சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசைக்குறி கற்ற இளையராஜா, எல்லாக் கருவிகளின் பகுதியையும் தாமே தாளில் எழுதுபவர். எழுதியதைப் பிரித்துப் படியெடுத்துத் தருவார்கள். கலைஞர்கள் பார்த்து வாசிப்பார்கள்.

ஆகவே, "மொத்தம் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு 1964இல் விடை சொல்லியிருக்கலாம். கூடத்தின் கதவருகே நின்று தலையை எண்ணினால் போதும். பலதடப் பதிவு வந்தபின் அவ்வாறு எண்ண இயலாது. நான்கு வயலின்காரர்கள் ஒரே பகுதியை மூன்று தடங்களில் மூன்று முறை வாசித்தால் காதுக்குப் பன்னிரண்டு வயலின் கேட்கும். ஒருவரே கிட்டாரும் வாசித்துப் பேஸும் வாசித்திருக்கலாம். இன்னொருவர் ஊதியதை முழுவதும் கலவையில் நீக்கியிருக்கலாம். அவர் கூடத்தில் இருந்தார், தட்டில் இல்லை. காதில் விழும் கருவிகளின் தொகை வேறு, வாசித்த ஆட்களின் தொகை வேறு. அந்தப் பையனுக்கு நான் அன்று சொல்லியிருக்கவேண்டிய விடை இவ்வளவே.

பணி ஓய்வு பெற்றபோது பழைய மேசையை ஒழித்தேன். அந்த நாடா அப்படியே இருந்தது. அதை ஓடவிடும் கருவி இப்போது என்னிடம் இல்லை. பேரனின் கைப்பேசியில் அதே தொகுப்பைத் தேடி எடுத்து, காதுக்குழாயை மாட்டிக்கொண்டு, பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து எண்ணினேன். முதல்முறை பதினான்கு வந்தது. இரண்டாம் முறை பத்தொன்பது. மூன்றாம் முறை இருபத்திரண்டு. பிறகு நாடாவின் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உட்புறத்தில், மங்கிய பென்சில் எழுத்தில், 16 என்று அவன் எழுதி வைத்திருந்தான். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தது.